லிட்மன் கிளாசிக் 3: கையின் அழுத்தம் தெரிந்தவர்களுக்கான ஸ்டெத்

'ஸ்டெத் வைத்துப் பார்ப்பது' என்று நாம் சொல்வதை மருத்துவ நூல்கள் 'ஆஸ்கல்டேட்' என்ற வினையால் குறிக்கின்றன. மூலம் லத்தீன்: 'ஆஸ்கல்டாரே' என்றால் காதைக் கொடுத்து, கவனித்துக் கேட்பது. 1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்ட பிரெஞ்சு மருத்துவர் லாயென்னெக், 1819-இல் வெளியிட்ட தன் நூலின் மூலம் இந்தச் சொல்லுக்கு மருத்துவத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். அப்படிக் கவனித்துக் கேட்க லிட்மன் கிளாசிக் 3 எவ்வளவு கைகொடுக்கிறது என்பதே கேள்வி.

நன்றாகவே கைகொடுக்கிறது, அழுத்தத்தைக் கற்றுக்கொண்டால். மார்பில் வைக்கும் தலைப்பகுதிக்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு முகங்கள். அவற்றை மூடியிருக்கும் மெல்லிய தகடான டயஃப்ரம், லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலியையும், அழுத்தினால் உயர்ந்த ஒலியையும் தரும். புதிதாக வாங்கும் மாணவர்கள் எப்போதும் அழுத்தியே வைப்பார்கள். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு குறுகிப்போனால் வரும் உறுமல், வழக்கமான 'லப்-டப்'புக்குப் பின் வரும் மூன்றாம் ஒலி இரண்டும் தாழ்ந்த ஒலிகள்; அந்த அழுத்தத்தில் காணாமல் போகும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இதய நுனியில் தோலைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். இதயத்திலிருந்து பெருந்தமனிக்குச் செல்லும் வழியிலுள்ள அயோர்டிக் வால்வின் கசிவு உயர்ந்த ஒலி; அதற்கு நேர்மாறு: முன்னால் குனியச் சொல்லி, மூச்சை முழுக்க வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, மார்பெலும்பின் இடது ஓரத்தில் நன்றாக அழுத்த வேண்டும்.

சிறிய முகம் குழந்தைகளுக்கு. அதன் டயஃப்ரத்தைக் கழற்றி, கூடவே வரும் ரப்பர் வளையத்தை மாட்டினால், தாழ்ந்த ஒலிகளைக் கேட்க உதவும் திறந்த கிண்ணம் போன்ற 'பெல்' ஆகிவிடும். பெரியவர்களை மட்டுமே பார்ப்பவர்கள் இந்த மாற்றத்தை முதலிலேயே செய்துகொள்வது நல்லது.

ஒலியே வரவில்லையென்றால் உடனே குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் தலைப்பகுதி மறுபக்கம் திரும்பியிருக்கும். விரலால் மெல்லத் தட்டிப் பார்த்து, தலைப்பகுதியைக் குழாயோடு இணைக்கும் தண்டைச் சுழற்றினால் சரியாகும். காதுமுனைகள் முன்னோக்கி, மூக்கின் திசையில் இருக்க வேண்டும். அவற்றில் காதழுக்கு அடைத்தாலும் ஒலி மங்கும்.

பலவீனம் குழாய்தான். சட்டையில் உரசினால் அந்தச் சத்தம் நுரையீரல் ஒலிபோலவே காதில் விழும். வெறுங்கழுத்தில் தொங்கவிட்டால் தோலின் எண்ணெய்ப்பசை ஏறி நாளடைவில் விறைத்துப்போகும்; காலர் மேல் போடுங்கள். துடைக்க 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். எந்தத் திரவத்திலும் முக்கக் கூடாது, ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைக்கவும் கூடாது.