10எக்ஸ் லென்ஸ்: அறுத்த கட்டையின் பெயரைச் சொல்லுமா?

அறுத்த கட்டையில் பட்டையும் இல்லை, இலையும் இல்லை. மரவாடியில் சொல்லும் பெயரை நம்பி வாங்கவும் முடியாது. 'ஆப்பிரிக்கன் தேக்கு' என்ற பெயரில் வரும் ஐரோக்கோ, தேக்குக்குச் சொந்தமே இல்லை. பலா குடும்பத்து மரம். இந்த இடத்தில் கைகொடுப்பது, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 10எக்ஸ் மடக்கு லென்ஸ். 5க்கு 4 தரலாம்.

வாங்கும்போது மூன்று கண்ணாடி ஒட்டிய ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைக் கண்ணாடியில் ஓரமெல்லாம் நிறம் பிரிந்து மங்கும். 30எக்ஸ், 40எக்ஸ் என்று பொறித்த மலிவு லென்ஸ்களில் எழுத்துதான் பெரிது. சோதிக்க ஒரு ஸ்கேல் போதும்: உண்மையான 10எக்ஸ் சுமார் 2.5 செ.மீ. தொலைவில் தெளியும், 30எக்ஸ் என்றால் 8 மி.மீ.க்கு நெருங்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்கு வைத்ததற்குக் கூடுதல் காசு வீண். ஈரமான மரத்தில் அந்த ஒளி பளிச்சென்று திருப்பியடிக்கும். பக்கவாட்டு வெயிலே மேல்.

'ஒன்றும் தெரியவில்லை' என்று லென்ஸைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ரம்பம் கிழித்த முகத்தையே பார்த்திருப்பார்கள். உப்புத்தாள் தேய்த்தாலும் தூள் மரத்தின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில், வைரப் பகுதியில் (உள்ளே இருக்கும் கெட்டியான, நிறம் கூடிய மரம்), நடுத்தண்டை விட்டுத் தள்ளி ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் தொட்டு, புது கட்டர் பிளேடால் விரல்நகம் அளவு இடத்தை மெல்லியதாகச் சீவுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, மரத்தை லென்ஸை நோக்கி நகர்த்துங்கள்.

தேக்கு என்றால் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும், போகப்போகச் சிறுத்துவிடும். ஐரோக்கோவில் அந்த வரிசை கிடையாது. துளைகள் பரவலாகச் சிதறியிருக்கும், ஒவ்வொன்றின் இருபுறமும் வெளிறிய திசு இறக்கைபோல் விரிந்திருக்கும். வெள்ளைப் புள்ளிகள் வளையத்தோடு ஒட்டி நீள்கோடாக ஓடினால் அவை பிசின் குழல்கள்: சால் (குங்கிலியம்) இனம் என்று சந்தேகிக்கலாம்.

வேங்கைக்கு லென்ஸோடு ஒரு கண்ணாடித் தம்ளரும் வேண்டும். வைரத்தின் சீவல் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு, கறுப்புத் துணி பின்னால் இருக்க, வெயிலில் பக்கவாட்டில் பாருங்கள்; நீலம் மினுங்கும். வேங்கைக் குவளையில் நீர் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. வெளிப்புற வெள்ளைப் பகுதியைச் சீவினால் எதுவும் தெரியாது. செம்மரத்தின் வேறு சில உறவுகளும் இதேபோல் மினுங்குவதால், இதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள்.

ஒரு மதிப்பெண் குறைத்தது இதற்குத்தான்: லென்ஸ் மரத்தின் பேரினம்வரை (நெருங்கிய இனங்களின் கூட்டம்) கொண்டுபோய் விடும், அதற்குள் எந்த இனம் என்று சொல்லத் திணறும். ஒப்பிட்டுப் பழகக் கோவை கேஸ் வன அருங்காட்சியகத்தின் மர மாதிரிகள் உதவும். வழக்கு, பர்மிட் என்று வந்துவிட்டால் லென்ஸை மடக்கிவிட்டு, ஒரு துண்டைப் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.