இணையம் நின்றாலும் செய்தி சேர்க்கும் பிரையர்

போராட்டக் குழுவுக்கு எந்தச் செயலி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இணையத்தை முடக்கினால் அது என்ன செய்யும்? 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு நாடு முழுக்க இணையத்தைத் துண்டித்தது. திரும்பி வர ஏறக்குறைய ஐந்து நாள் ஆனது. எங்கள் அறவழிக் குழுவில் தகவல் பொறுப்பைப் பார்த்துக்கொள்பவள் நான். அப்படியொரு நாளுக்காகவே பிரையர் (Briar) என்ற செய்திச் செயலியை வைத்திருக்கிறேன்.

கணக்குத் தொடங்க போன் நம்பரும் வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம். ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போதும். நடுவில் சர்வர் கிடையாது. இணையம் இருந்தால், யார் யாரோடு பேசுகிறார் என்பதை மறைக்கும் டோர் (Tor) வலையமைப்பு வழியாகச் செய்தி போகும். இல்லாவிட்டால் அருகில் இருப்பவரின் போனுக்கு புளூடூத்திலோ வைஃபையிலோ போகும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒருவருக்கு மட்டும் அனுப்பும் தனிச்செய்தி, மற்றவர்கள் போன் வழியாகக் கைமாறிப் போகாது. பொதுவாக, அனுப்புகிறவர் போனும் பெறுகிறவர் போனும் நேரடியாக இணைந்தால்தான் சேரும். ஃபோரத்தில், அதாவது பலர் சேர்ந்து எழுதிப் படிக்கும் பொது மன்றத்தில், போடும் செய்தி அப்படியல்ல. முன்வரிசையில் உட்கார்ந்து நான் போடும் “யாரும் கலைய வேண்டாம், அமைதியாக உட்காருங்கள்” என்ற வரி, கூட்டத்துக்குள் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நடக்கும் தொண்டரின் போனில் ஏறி, கடைசி வரிசைக்கும் போய்விடும். அதற்கு அந்த ஃபோரத்தை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே பகிர்ந்திருக்க வேண்டும். ஆகவே மறியலுக்கு முன்பே எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சேர்த்துவிடுங்கள். முகம் பார்த்துச் சேர்ப்பதால் முன்பின் தெரியாதவர் உள்ளே நுழைவதும் குறையும்.

ஒளிவுமறைவில்லாமல் செய்வதுதானே சட்டமறுப்பு, அதற்கு ரகசியச் செயலி எதற்கு என்று எங்கள் மூத்த தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உப்புச் சட்டத்தை மீறப்போவதை 1930 மார்ச் 2 அன்றே காந்தி வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். நாங்களும் எங்கே, எப்போது உட்காரப் போகிறோம் என்பதை ஊரறியச் சொல்கிறோம். ஆனால் கைதானவரின் குழந்தையை அன்றிரவு யார் வீட்டில் விடுகிறோம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. சிறைக்குப் போக நான் சம்மதிக்கலாம். உதவிக்கு வந்தவர் சார்பில் நான் சம்மதிக்க முடியாது.

குறைகளும் சிறியவை அல்ல. ஐபோனுக்கு இது இல்லை. குரல் அழைப்பு இல்லை. கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியே இல்லை, கணக்கு போனதுதான். எப்போதும் பின்னணியில் ஓடுவதால் பேட்டரியும் இறங்கும். பவர் பேங்க் இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள்.

அன்றாடப் பேச்சுக்கு நாங்கள் சிக்னல் செயலியைத்தான் வைத்திருக்கிறோம், ஐபோன்காரர்களுக்கும் அதுவே. களத்தில் வரிசைக்கு இருவராவது பிரையரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். கடைசி நேரத்தில் வந்து சேர்பவருக்கும் இணையமில்லாமலே பிரையர் செயலியை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கொடுக்கலாம். அந்த வசதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. களத்துக்குப் போகுமுன் ஒருமுறை செய்து பாருங்கள்.