செவ்வாய்க்குப் போக எந்த எரிபொருள்: ஹைட்ரஜனா, மீத்தேனா?

திறனை மட்டும் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு ஈடில்லை. திரவ ஆக்சிஜனோடு எரித்தால் வெற்றிடத்தில் அதன் ஒப்பு உந்தம் (ஒரே எடை எரிபொருளில் எவ்வளவு உந்துதல் கிடைக்கிறது என்பதன் அளவு; வினாடியில் சொல்வார்கள், கூடினால் நல்லது) சுமார் 450 வினாடி. மீத்தேன் 360-380 வினாடியைத் தாண்டுவதே பெரும்பாடு.

தொல்லை தொட்டியில்தான். திரவ ஹைட்ரஜன் ஒரு கனமீட்டருக்கு வெறும் 71 கிலோ; மீத்தேன் 420 கிலோவுக்கு மேல். தொட்டி பெருத்தால் அதன் எடையும் காப்புறையும் சேர்ந்து ஏறும். ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலேயே கொதிக்கும். ஆவியை வெளியே விட்டால் எரிபொருள் போச்சு, விடாவிட்டால் அழுத்தம் எகிறும். ஆறேழு மாதப் பயணத்தில் இது சின்ன விஷயமில்லை. மூலக்கூறும் மிகச் சிறியது, இடுக்கு கிடைத்தால் நழுவிவிடும். 2022 செப்டம்பர் 3 அன்று நாசாவின் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1 கிளம்பாததற்குக் காரணம், எரிபொருள் குழாய் ராக்கெட்டோடு சேரும் இணைப்பில் ஏற்பட்ட கசிவு. இணைப்பைச் சூடேற்றி, மறுபடி குளிர்வித்தும் அடங்கவில்லை.

மீத்தேன் மைனஸ் 161 டிகிரியில் கொதிக்கும். ஆக்சிஜன் மைனஸ் 183. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே குளிர் என்பதால் இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஒரே தடுப்புச்சுவர் வைத்து எளிதாகச் சமாளிக்கலாம்.

திரும்பி வரும்போதுதான் மீத்தேனின் அருமை தெரியும்: அதை அங்கேயே தயாரித்துக்கொள்ளலாம். செவ்வாயின் காற்றில் 95% கார்பன் டை ஆக்சைடு. அதில் 2.75 கிலோவை அரை கிலோ ஹைட்ரஜனோடு நிக்கல் வினையூக்கியின் மேல் 300-400 டிகிரியில் செலுத்தினால் ஒரு கிலோ மீத்தேனும் 2.25 கிலோ தண்ணீரும் கிடைக்கும். அந்தத் தண்ணீரை மின்னாற்பகுத்தால் (மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால்) பாதி ஹைட்ரஜன் திரும்பிவிடும். மீதிக்கு அங்குள்ள பனிக்கட்டியைத் தோண்டவேண்டும். மின்சாரம் ஏராளமாக வேண்டும், அது தனிக்கதை.

செவ்வாய்க்கு என் ஓட்டு மீத்தேனுக்கே. நிலாவில் கணக்கு மாறும்: துருவங்களில் ஹைட்ரஜன் எடுக்கப் பனி உண்டு, மீத்தேனுக்கு வேண்டிய கார்பன் அரிது.