உளுந்தில் அம்மையார் கூந்தல்: பிடுங்குவதா, மருந்தடிப்பதா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) உளுந்தில், பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும், சேமியாவை அள்ளிச் செடிமேல் போட்டாற்போல் மஞ்சளாக ஒரு கொடி பின்னிக் கிடந்தது. இலை இல்லை, தரையில் வேரும் இல்லை. பயிரைப் பற்றி உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் களையான அம்மையார் கூந்தல் என்று பார்த்ததும் தெரிந்தது. இதில் வயல்களில் அதிகம் தொல்லை தரும் கஸ்குட்டா கேம்பெஸ்ட்ரிஸ் என்ற வகை வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய இனம்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து ஆட்கள் இதைக் கொத்தான் என்று நினைக்கலாம். கொத்தானும் இலையில்லாத கொடிதான். ஆனால் அதில் பச்சை கலந்திருக்கும், நார்போல் முறுக்கிக்கொண்டு புதர்மேல் வருஷக்கணக்கில் கிடக்கும். கூந்தல் மெலிசு, தொட்டால் ஒடியும், உளுந்தோடு முடிந்துவிடும். விதையை மட்டும் மண்ணில் விட்டுப்போகும்.

அந்த விதைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு கொடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். தோல் கெட்டியான அந்த விதை பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மாடு தின்றால் சாணியிலும் முளைக்கும் சக்தியோடு வெளியே வரும். அதனால் இந்த வருஷ விளைச்சலைக் காப்பாற்றுவதைவிட, விதை விழாமல் எது தடுக்கும் என்றுதான் நான் பார்த்தேன்.

மருந்து முதலில் சுலபமாகத் தெரிந்தது. பெண்டிமெத்தலின் முளைக்கும் முன் அடிக்கவேண்டிய களைக்கொல்லி. நெல் அறுத்த ஈரத்திலும் பனியிலும் வளரும் நம் பனிப்பயிருக்கு எங்கே அதற்கு நேரம்? சம்பா அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். அறுப்பு முடிந்து வயலில் இறங்கும்போது உளுந்து முளைத்து நிற்கும். கூந்தல் செடியைப் பற்றிய பிறகோ அதன் உறிஞ்சிகள் உளுந்தின் தண்டுக்குள் போய்விடுகின்றன. அதைக் கருக்கும் மருந்து உளுந்தையும் கருக்கிவிடும். புல்லுக்கு அடிக்கும் குயிசாலோபாப் இதன் பக்கமே போகாது. இமாசித்தாபையர் ஓரளவு அடக்கும் என்கிறார்கள். நான் ஒரு முறைதான் அடித்தேன், கொடி சுணங்கியது, சாகவில்லை. ஒரு பருவத்தை வைத்து அதைத் தள்ளிவிட மாட்டேன்.

கையால் எடுப்பதில் நான் முதலில் செய்தது தப்பு. கொடியை மட்டும் உருவினேன். தண்டில் ஒட்டியிருந்த துணுக்குகள் மறுபடி தழைத்தன. களை எடுக்க வந்த அத்தைதான், "கொடிய உருவாதப்பா, செடியோட அறுத்து எடு. பூ வச்சப்புறம் புடுங்கி என்ன புண்ணியம்?" என்றார். அதன்பிறகு உளுந்தையும் சேர்த்தே அறுத்தோம், சுற்றி ஒரு முழம் நல்ல செடியையும் விடவில்லை. மனசு கேட்காதுதான், ஆனாலும் விடக்கூடாது. வரப்பில் போடாமல், வாய்க்காலில் வீசாமல், படுதாவில் கட்டித் தூக்கிவந்து காயவைத்துக் கொளுத்தினோம். மாட்டுக்கு ஒரு பிடிகூடப் போடவில்லை. பூக்கும் முன் இரண்டு முறை, பிறகு வாரம் ஒரு நடை வயலைச் சுற்றி வருவது. கூலி வலிக்கத்தான் செய்தது.

இதைவிடக் கூலி குறைவு என்று பயிரையே மாற்றுகிறவர்களும் உண்டு. புல்லினத்தில் கூந்தல் பெரும்பாலும் வேலை காட்டாது, அதனால் மக்காச்சோளம் போடலாம். அண்டை வயலில் பார்த்தேன், கொடி இல்லை. நான் போட்டதில்லை. தண்ணீர் கிடைத்தால் நல்ல வழியாகத்தான் தெரிகிறது. ஆனால் மண்ணிலிருக்கும் விதை காத்திருக்கும். வரப்பில் அகன்ற இலைக் களைகளை விட்டுவைத்தால் அதிலும் ஏறிக்கொள்ளும்.

வயல் முழுக்கப் படர்ந்தவர்களுக்கு என் வழி ஆகாது. அவர்கள் ஒன்றிரண்டு பருவம் மக்காச்சோளத்துக்குப் போவதே மேல். திட்டுத்திட்டாக இருக்கும்வரை கைதான். விதை உளுந்தைச் சிறுகண் சல்லடையில் சலியுங்கள். கூந்தல் விதை உளுந்தில் கால்வாசிதான் இருக்கும், கீழே இறங்கிவிடும். சலித்ததைக் குப்பையில் போடாமல் அடுப்பில் போடுங்கள். இந்தத் தையில் எங்கள் வயலில் மூன்று இடத்தில் முளைத்திருந்தது. மூன்றையும் பூக்கும் முன்பே எடுத்துவிட்டோம்.