ஸ்பியன்கோப் குன்றும் என் ஏர்பிரஷும்: மூன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2021 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில், காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷை முதன்முதலாகக் கையில் பிடித்தேன். அன்று டர்பனில் பெர்க் காற்று வீசிக்கொண்டிருந்தது. உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து இறங்கிவரும் வெப்பமான, வறண்ட காற்று அது. குளிர்காலம் முடியும் நேரத்தில் வந்து, ஓரிரு நாள் ஊரையே அடுப்பாக்கிவிட்டுப் போகும். கோப்பையில் பெயின்ட் ஊற்றி விசையை அழுத்தினேன். பத்து விநாடி அழகாக வந்தது, பிறகு நின்றுவிட்டது. விசையை முழுவதுமாகப் பின்னுக்கு இழுத்தேன். ஊசி முனையில் காய்ந்து அடைத்திருந்த துணுக்கு பிய்த்துக்கொண்டு பறக்க, பின்னால் தேங்கியிருந்த கறுப்பு மொத்தமும் பலகையில் கொட்டியது. காற்றின் வேகத்தில் அது எட்டுப் பக்கமும் கால் நீட்டிய சிலந்தியாகப் பரவியது.

அந்தப் பலகையை நான் எறியவில்லை. இன்றைக்கும் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஏர்பிரஷ் வாங்கலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். 28 மில்லிமீட்டர் உயரப் படைவீரர் பொம்மைகளை நிறுத்தி விளையாடும் மேசைப் போர் விளையாட்டு இங்கே வந்த பிறகுதான் பழக்கமானது. விளையாட்டைவிட அதற்கான குன்று, ஓடை, கல்வேலி, பண்ணை வீடு ஆகியவற்றைக் கையால் செய்வதில் எனக்கு ஈடுபாடு அதிகம். டர்பன் இருக்கும் க்வாஸுலு-நட்டால் மாகாணத்தில் இருந்துகொண்டு ஸ்பியன்கோப்பைச் செய்யாமல் இருக்க முடியுமா? போயர் போரில், டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் லேடிஸ்மித் நகரை வளைத்திருந்த முற்றுகையை உடைக்க வந்த பிரிட்டிஷ் படை, துகேலா ஆற்றுக்கு வடக்கே 1900 ஜனவரி 23 இரவில் ஏறிப் பிடித்து, 24 முழுவதும் அடிவாங்கி, அன்றிரவே இறங்கிப்போன குன்று அது. அறுபது சென்டிமீட்டர் சதுரப் பலகைகள் நான்கைச் சேர்த்தால் என் குன்று முழுமையாகும். வெப்பம் தடுக்கக் கூரைக்கு அடிக்கும் எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகைகளை அடுக்கி, கத்தியால் சரிவு வெட்டி, பைன் மரப்பட்டையைப் பாறையாகப் பதித்தேன். அந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை. வண்ணம்தான் வசப்படவில்லை. தூரிகையால் தீட்டிய குன்று, எத்தனை கவனமாகத் தீட்டினாலும், கம்பளம் போர்த்திய மேசையாகவே தெரிந்தது.

முதலில் வாங்கியது பெயரில்லாத மலிவு ஏர்பிரஷும் மூன்று லிட்டர் டேங்க் பொருத்திய சிறிய கம்ப்ரசரும். இரண்டும் சேர்ந்து 2,400 ரேண்ட் ஆனது. கம்ப்ரசர் இன்றுவரை உழைக்கிறது. டேங்கின் காற்றழுத்தம் 3 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) இறங்கினால் தானே ஓடத் தொடங்கும், 4 பாருக்கு ஏறினால் தானே நிற்கும். டேங்க் இல்லாததை வாங்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். மோட்டாரின் துடிப்பு நேரே கைக்கு வந்தால் மெல்லிய கோடு விழாது, புள்ளி புள்ளியாகத்தான் விழும். ஏர்பிரஷ் ஏழு மாதம் தாங்கியது. அதன் நாசில், அதாவது பெயின்ட் வெளியேறும் முனை, ஓர் அரிசியைவிடச் சிறிய திருகுப் பித்தளை. கழுவி மாட்டும்போது சற்று இறுக்கிவிட்டேன், மரை உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. உதிரிப் பாகம் கேட்டு விற்றவர்களுக்கு எழுதினேன், பதிலே இல்லை. பிறகு வாங்கிய பேட்ஜர் பேட்ரியாட் 105-இல் 0.5 மில்லிமீட்டர் ஊசி. அதன் நாசிலுக்குத் திருகு கிடையாது. கூம்பாக உள்ளே அமர்ந்துகொள்ளும், முன்மூடிதான் அதை அழுத்திப் பிடிக்கும். குன்று, பாறை, சுவர் தீட்டுபவர்களுக்கு இந்தத் தடித்த ஊசியே போதும். 0.2 ஊசியின் மேல் ஆசைப்பட்டு ஆரம்பிப்பவர்கள் பாதி நேரம் அடைப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த வீட்டு மாமாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த அனுபவம் முழுமையாகாது. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் நாற்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். இங்கேயே பிறந்தவர். தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் வைப்பார், ஆனால் வைத்த சொல் சரியாக இருக்கும். கம்ப்ரசர் சத்தம் கேட்டு ஒருநாள் வேலிப்பக்கம் வந்து நின்றவர், சிறிது நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, நீங்கள் பலகைக்கு மேலே ஆரம்பித்து பலகைக்கு மேலேயே நிறுத்துகிறீர்கள். வெளியே ஆரம்பியுங்கள், வெளியே போய் நிறுத்துங்கள்."

"அப்படிச் செய்தால் பெயின்ட் வீணாகுமே மாமா?"

"கொஞ்சம் வீணாகட்டும். கை ஓடும்போது மட்டும் பெயின்ட் வரவேண்டும். கை நின்ற இடத்தில் வந்தால் அங்கே குளம் கட்டும்."

சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து அசைத்துக் காட்டினார். மணிக்கட்டு மடங்கக் கூடாது, தோளிலிருந்து கை முழுவதும் பலகைக்கு இணையாகப் போகவேண்டும். விசையை முதலில் கீழே அழுத்தினால் காற்று மட்டும் வரும். காற்று வந்த பிறகு மெல்லப் பின்னுக்கு இழுத்தால் பெயின்ட் சேரும். முடிக்கும்போது பெயின்டை முதலில் நிறுத்தி, காற்றைக் கடைசியில் விடவேண்டும். அப்போதுதான் முனையில் துளி தங்காது. பழைய செய்தித்தாளில் இதையே மூன்று வாரம், மாலை அரைமணி நேரம் செய்தேன். குன்றைத் தொடவே இல்லை. அந்த மூன்று வாரம் கற்றுக்கொடுத்ததை அதற்கு முந்தைய ஏழு மாதமும் கற்றுக்கொடுக்கவில்லை.

பெயின்ட் பாலைப்போல ஓடவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பால் என்பதுதான் கேள்வி. கோப்பையின் உட்சுவரில் தூரிகையால் ஒரு துளி இழுத்துப் பாருங்கள். மெல்லிய திரை விட்டு இறங்கினால் சரி. நீராக ஓடி ஒன்றும் ஒட்டாவிட்டால் நீர்த்தது அதிகம். மேடாக நின்றால் இன்னும் கரைக்கவேண்டும். குன்றுக்குக் காற்றழுத்தம் 25 பிஎஸ்ஐ வைக்கிறேன், நுண்ணிய வேலைக்கு 15-க்கு இறக்குகிறேன். பெர்க் காற்று வீசும் நாளில் அக்ரிலிக் பெயின்டுடன் உலர்வைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்ப்பேன். அரைநிமிடத்துக்கு ஒருமுறை ஈரத் தூரிகையால் ஊசி முனையைத் துடைப்பேன்.

கோடைத் தொல்லை நேர்மாறானது. ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது, குழாயில் வரும்போது அது குளிர்ந்து நீராகிறது. கம்ப்ரசரோடு வரும் ஈரம் பிடிக்கும் குடுவை, தன்னைத் தாண்டிய பிறகு குளிரும் காற்றை என்ன செய்ய முடியும்? மூன்று மாலை வேலை செய்து நிழல் ஏற்றிய சரிவின் நடுவே ஒரு நாள் நீர் துப்பியது. மூன்று வெளிறிய வட்டங்கள். இப்போது ஏர்பிரஷின் அடியிலேயே இன்னொரு சிறிய குடுவை பொருத்தியிருக்கிறேன். வேலை முடிந்ததும் டேங்கின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுகிறேன். முதல் முறை திறந்தபோது துருநிறத்தில் கால் டம்ளர் வந்தது.

2023-இல் மின்வெட்டு வேறு. கோப்பையில் பெயின்ட் இருக்கும்போது மின்சாரம் போனால், டேங்கில் மிஞ்சிய காற்று ஒரு நிமிடம்கூட வராது. அந்தக் காற்றை வண்ணம் தீட்டச் செலவிடாமல் கழுவுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமானது. குன்று முழுவதையும் ஏர்பிரஷால் தீட்ட முயலாதீர்கள். முதல் ஆண்டு நான் அதைத்தான் செய்தேன். ஒரு பலகைக்கு அடிவண்ணம் மட்டும் இரண்டு மணி நேரம் பிடித்தது, பெயின்டும் தண்ணீராகச் செலவானது. அடிவண்ணத்துக்கு வீட்டுச் சுவர்ப் பெயின்டும் இரண்டங்குலத் தூரிகையும் போதும். கால் மணியில் முடியும், ஃபோமுக்கு ஓர் ஓடும் கிடைக்கும். கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பாவை மட்டும் வெற்று ஃபோம் மேல் அடிக்கவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் ஃபோமை அரித்துத் தின்றுவிடும். பாறையின் விளிம்பைத் துலக்க, பெயின்டைத் துடைத்துவிட்ட, ஏறக்குறைய உலர்ந்த தூரிகைக்கு நிகர் எதுவுமில்லை. ஏர்பிரஷின் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில். பள்ளத்தில் நிழல் எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாமல் ஏறவேண்டும். மண் எங்கே புல்லாயிற்று என்று விரல் வைத்துச் சொல்ல முடியக்கூடாது. தூரிகை அங்கே கோடு போட்டுவிடும், ஏர்பிரஷ் கோடு போடாது. குன்று கம்பளமாகத் தெரியாமல் நிலமாகத் தெரிந்தது அந்த வேலையைக் கற்ற பிறகுதான்.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு நுட்பம் உண்டு. பொம்மைகளுக்குச் செய்வதுபோல, கறுப்பின் மேல் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்ச வண்ணம் அடித்தேன். தனித்தனியாகப் பார்த்தால் நான்கு பலகைகளும் கண்ணைப் பறித்தன. இடம் மாற்றி அடுக்கியபோது ஒரு பலகையில் சூரியன் கிழக்கே, அடுத்ததில் மேற்கே. திருப்பித் திருப்பி அடுக்கும் பலகைகளுக்கு வெளிச்சம் தலைக்கு நேர் மேலிருந்துதான் இறங்கவேண்டும். நான்கையும் மீண்டும் தீட்டினேன்.

வண்ணத்தில் இன்னொரு தவறு. நாங்கள் குடும்பத்தோடு ஸ்பியன்கோப்புக்குப் போனது ஜூலை மாதம். மேலே, சண்டை நடந்த பதுங்குகுழியே புதைகுழியாகி வெள்ளைக் கற்களின் நடுவே நீண்டு கிடக்கிறது. சுற்றிலும் குளிர்காலப் புல், வைக்கோல் மஞ்சள். நான் எடுத்த படங்களைப் பார்த்து அந்த மஞ்சளையே அடித்தேன். சண்டை நடந்தது ஜனவரியில், நடுக்கோடையில். புல் பச்சையாக இருந்திருக்கும். தெரிந்த பிறகு அதை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. மஞ்சளை அழிக்காமல், மிகவும் நீர்த்த பச்சையை ஐந்தாறு முறை மெல்லிய திரையாக ஏற்றினேன். அடியில் கிடந்த மஞ்சள், புல்லின் வேர்ப்பகுதிபோல ஆங்காங்கே எட்டிப் பார்த்தது. நேரே பச்சை அடித்திருந்தால் அந்த ஆழம் வந்திருக்காது.

தண்ணீரில் கரையும் பெயின்ட்தானே என்று முகமூடி இல்லாமல் வேலை செய்யாதீர்கள். ஒரு மாலைக்குப் பிறகு மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை செம்மண் நிறத்தில் இருந்தது. மூச்சில் போவது நிறமித் துகள். எஃப்எஃப்பி2 முகமூடியும் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் இல்லாமல் இப்போது நான் விசையைத் தொடுவதில்லை. கழுவும்போது ஊசியைப் பின்பக்கமாக உருவுங்கள், திரும்பச் செருகும்போது தள்ளாமல் அதுவாக நிற்கும் இடத்தில் விடுங்கள். முனை வளைந்துவிட்டால் பெயின்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். வெளிச்சத்தில் பிடித்து நகத்தின் மேல் உருட்டினால் வளைவு தட்டுப்படும்.

போன டிசம்பரில் நான்கு பலகைகளையும் சேர்த்து மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். பாறையிலே ஒரு முழம்கூடத் தோண்ட முடியாமல் ஆழமில்லாது போன பதுங்குகுழியைக் காட்டினேன். அதன் வலப்பக்கத்தைப் போயர்கள் சுட்டுத் தள்ளிய கற்றாழை மேட்டைக் காட்டினேன். அவர் தெற்குச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்கும் வழி எங்கே தம்பி?"

நான் வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"எங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே டோலி தூக்கினவர் என்று ஆயா சொல்வார்கள்."

அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்புக் காயம்பட்டவர்களைச் சுமக்கக் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 800 பேர் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல்கூட நடந்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்திருந்தும் குன்றை அவர்கள் இல்லாமல் செய்திருந்தேன்.

மறுவாரம் மாமாவை நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். அழுத்தம் 12 பிஎஸ்ஐ. காவியில் கொஞ்சம் சாம்பல் கலந்து, வழக்கத்தைவிட இருமடங்கு நீர்த்து, முனையைப் பலகைக்கு இரண்டு விரல்கடை உயரத்தில் பிடித்தேன். பல கால்கள் மிதித்துத் தேய்ந்த பாதைக்கு ஓரம் கூர்மையாக இருக்காது. நடுவில் வெளிறி, இரண்டு பக்கமும் புல்லுக்குள் கரையவேண்டும். உச்சிக்கு வெளியே காற்றைத் திறந்து, பாறைகளைச் சுற்றி வளைந்து, சரிவின் அடிவரை இறக்கிப் பலகைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினேன். ஏழு முறை ஓட்டியபோது பாதை தெரிந்தது. எட்டாவது முறைக்குக் கையெடுத்தபோது மாமா, "போதும்" என்றார்.