ஏதென்ஸ் ஆந்தைக் காசு: வாங்கியவரின் மதிப்புரை

நாணய வணிகர் ஒருவரிடம் நான் வாங்கிய நான்கு திராக்மா (பண்டைய கிரேக்க நாணய அலகு) மதிப்புள்ள வெள்ளிக்காசு, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்ஸ் நகரம் பெருமளவில் அச்சிட்ட, ஒருபுறம் அத்தீனா தேவியின் தலையும் மறுபுறம் ஆந்தையும் பொறித்த ஆந்தை வகையைச் சேர்ந்தது. எடை 17.1 கிராம், அக்கால நிறையளவான சுமார் 17.2 கிராமுக்கு இவ்வளவு நெருங்கியிருப்பது நிறைவளிக்கிறது. ஆந்தையின் கண்களும் ஒலிவ இலைகளும் தெளிவாக இருக்கின்றன. அச்சு விலகியதால் அத்தீனா தேவியின் தலைக்கவச உச்சி மட்டும் விடுபட்டுள்ளது, இவ்வகையில் அது இயல்பே. உள்ளே செம்பு இல்லை என்று உறுதிசெய்ய அந்நாளிலேயே உளியால் வெட்டிப் பார்த்த ஆழமான தழும்பைப் பலர் குறையாகக் கருதினாலும், காசு கைமாறிப் புழங்கியதற்குச் சான்றான அதை நான் பெரிதும் விரும்புகிறேன். ஆனால், போலிகள் மலிந்த இவ்வகைக்கு முந்தைய உரிமையாளர் விவரத்தை அவ்வணிகர் எழுத்தில் தராதது பெருங்குறை. அதைக் கேட்டுப் பெறாமல் எவரும் பணம் செலுத்த வேண்டாம்.