‘பிபிஏ இல்லாத’ பால்புட்டி: ஒரு மதிப்பீடு

பலமுறை கொதிநீரில் இட்ட பின்னும் பாலிபுரோப்பிலீன் என்ற நெகிழியாலான இந்தப் புட்டியின் வடிவமோ மூடியின் இறுக்கமோ மாறவில்லை. அடியில் முக்கோணத்துக்குள், அந்த நெகிழி வகையைக் குறிக்கும் 5 என்ற எண் தெளிவாகப் பதிந்திருப்பது எனக்கு நிம்மதி தந்தது. ஏனெனில் 7 என்ற பொதுவகையில் அடங்கும் பாலிகார்பனேட் நெகிழியிலிருந்து, சூடுபடும்போது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்பால் ஹார்மோனைப் போலச் செயல்படும் பிஸ்பீனால் ஏ (பிபிஏ) என்ற வேதிப்பொருள் கூடுதலாகக் கசிகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இதை அன்றாடம் உட்கொள்ளத்தக்க வரம்பை, உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு குறைத்திருக்கும்போது, பச்சிளங்குழந்தை விஷயத்தில் இந்த எச்சரிக்கை மிகையன்று. ஆனால், பிபிஏவுக்கு மாற்றாகப் பயன்படும், அதே குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்பீனால் எஸ், எஃப் பற்றி உறையில் ஒரு சொல்கூட இல்லை. கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து நிறையைக் கொண்டு அடையாளம் காணும், திரவ நிறப்பகுப்பும் நிறைநிறமாலையும் இணைந்த ஆய்வு இவற்றையும் அளந்துவிடும் என்பதால், அந்த முடிவுகளை நிறுவனம் அச்சிட்டே ஆக வேண்டும். விலை சற்று அதிகம், அளவுக்கோடுகள் மங்கவில்லை.